ஹாலில் மிதந்த படகு

ஓய்வுபெற்ற மறுநாள் காலை, பல்கூடத் துலக்காமல், விசிலார் ஒரு மாபெரும் முடிவை அறிவித்தார். இனித் தரையில் வாழ்வதில்லை.

விசிலார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, பேருந்து நிலையம் வைத்த பெயர். அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நேரக் காப்பாளராக உட்கார்ந்து பாதி ஆயுளை ஊதியே தீர்த்தவர். அவர் விசில் ஊதினால்தான் பஸ் நகரும். ஊதாவிட்டால், டிரைவர் எத்தனை பெரிய மீசை வைத்திருந்தாலும் சக்கரம் சுற்றாது. இதெல்லாம் வெளியில். வீட்டில் குக்கர் விசில் ஊதும், இவர் நகர்வார்.

வீட்டம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். தெரு முழுக்க அவருக்கு டீச்சர் என்றே பெயர். ஓட்டக் கற்றுக்கொடுக்கிற காரில், டீச்சர் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். குடும்பமும் அதே மாடல் வண்டிதான். "நான் என்ன நினைக்கிறேன்னா..." என்று விசிலார் முதல் கியரைப் போடும்போதே அந்தப் பக்கம் பிரேக் விழுந்துவிடும்.

இந்த நிலையில்தான், ஓய்வுபெற்ற அன்று சாயங்காலம், எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஒரு பொறியை வைத்தார். அவர் நோயாளியின் வாயில் கருவியை விட்டபிறகே உரையாடலைத் தொடங்குகிற ரகம். "கடல்ல கேப்டன் சொன்னா சொன்னதுதான் சார். மறுபேச்சே கிடையாது. பொண்டாட்டியே ஆனாலும் சரி" என்றார். விசிலாருக்குக் கண்ணீர் பொங்கியது. வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

"நாம படகு வாங்கப் போறோம்" என்றார் விசிலார் மறுநாள் காலையில்.

"காபி ஆறுது."

"படகுலயே குடித்தனம். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, ஒரு பாத்ரூம். இன்னிக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊரு. வீட்டப் பூட்டிட்டு மிதக்கப் போறோம்."

"சரிங்க."

ராத்திரி முழுக்கத் தயாரித்து வைத்திருந்த வாதங்கள் விசிலாரின் தொண்டையில் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றன.

"என்ன, சரின்னுட்ட?"

"வேணாம்னு சொல்லட்டுமா?"

"வேணாம், வேணாம்! ஆனா ஒண்ணு. படகுல கேப்டன் வச்சதுதான் சட்டம். எதிர்த்து ஒரு வார்த்த பேசக் கூடாது."

"கேப்டன் யாரோ அவங்க சொன்னா எல்லாரும் கேட்டுத்தானே ஆகணும்" என்றார் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை விசிலார் கேட்டதில்லை. அதில் இருந்த ஓட்டையும் அதனால் அவர் கண்ணில் படவில்லை.

படகுத்துறையில் பழைய படகு விற்கிறவர் ஒரு பச்சைப் படகைக் காட்டினார். முன்பக்கம் உயரமாக ஒரு நாற்காலி. விசிலார் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

"ஓட்டப் போறவங்க இங்க வந்து கத்துக்கணும். அப்புறம் அதிகாரி முன்னால ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கணும். அப்பதான் சாவி" என்றார் படகுக்காரர்.

விசிலார் சிரித்தார். "ஐயா, நான் சர்வீஸ்ல ஒருநாளும் ஸ்டீரிங்கத் தொட்டதில்ல. ஆனா என்னக் கேக்காம ஒரு பஸ்ஸு போனதில்ல. ஓட்டுறது டிரைவர் வேல. நான் கேப்டன்."

படகுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் லேசாகக் கண்ணைக் காட்டினார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

திரும்பி வரும்போது டீச்சரே ஒரு யோசனை சொன்னார். "சாவி வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்? ஹால்லயே படகு அளவுக்குச் சாக்பீஸால கோடு போட்டு வாழ்ந்து பாப்போமே. கோட்டுக்கு வெளிய எல்லாம் தண்ணின்னு வச்சுக்குவோம்."

தன் தலைமையில் இவளுக்கு மூளை எப்படி வளர்கிறது என்று விசிலார் வியந்தார். அன்றைக்கே சோபா வெளியேற்றப்பட்டது. தரையில் ஒரு படகு முளைத்தது. ஜன்னலோரம் பாய் விரித்த இடம் படுக்கையறை. அடுப்பும் குக்கரும் நடுவில். முன்பக்கம் ஒரு ஸ்டூல். அதில் கழுத்தில் விசிலோடு கேப்டன்.

"சந்தைக்கு யாருங்க போறது?"

"மாலுமி. கேப்டன் எக்காரணம் கொண்டும் கப்பல விட்டு இறங்கக் கூடாது. மூழ்கினாலும் கூடாது. அது கௌரவப் பிரச்சன."

"ஆகட்டும் கேப்டன்."

ஆகட்டும் கேப்டன்! விசிலாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதை மறுபடி கேட்பதற்காகவே அன்று தேவையில்லாமல் ஏழெட்டு உத்தரவு போட்டார். நங்கூரம் பாய்ச்சச் சொன்னார். டீச்சர் அம்மிக்கல்லைக் கயிற்றில் கட்டி மூலையில் போட்டார். சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மத்தியானம் முதல் கடல் நெருக்கடி வந்தது. பாத்ரூம் கூடத்துக்கு அந்தக் கோடியில், ஆழ்கடலுக்கு அப்பால் இருந்தது.

"ஏம்மா, நான் போகணுமே."

"கேப்டன் இறங்கக் கூடாதே?"

"இது கௌரவத்துக்கும் மேலப்பட்ட பிரச்சன."

"அப்ப நீந்திப் போங்க. நடந்தா ஒத்திக கெட்டுடும்."

விசிலார் தரையில் குப்புற விழுந்து, கையைக் காலை உதைத்துக்கொண்டு, பாத்ரூமை நோக்கிப் பாதிக் கடல் தாண்டியபோது பல் டாக்டர் உள்ளே வந்தார்.

"என்னாச்சு சார்? எங்க வலி?"

"தள்ளி நில்லுங்க டாக்டர்! தண்ணில நிக்கறீங்க!"

டாக்டர் சட்டென்று பேண்ட்டை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார். நல்ல மனிதர்.

மறுநாள் டீச்சர் இரக்கப்பட்டுச் சிவப்பு மிதியடியைத் தோணியாக அறிவித்தார். உட்கார்ந்து உந்திக்கொண்டே போகலாம். ஒரே ஒரு தோணி. அதில் ஏறி டீச்சர் காலையில் காய்கறி வாங்கக் கரைக்குப் போவார். தோணி வாசற்படியில் கிடக்கும். திரும்பி வரும்வரை கேப்டன் ஸ்டூலில் காலைப் பின்னிக்கொண்டு, அருவியையும் மழையையும் நினைக்காமல் உட்கார்ந்திருப்பார். நாளாக நாளாகக் காய்கறி வாங்க அதிக நேரம் பிடித்தது. ஒருநாள் ஒரே ஒரு கத்தரிக்காயோடு வந்தார். உடம்பெல்லாம் டீசல் வாசம்.

"உங்க வீட்டம்மாவப் படகுத்துறையில பாத்தேனே" என்றார் டாக்டர்.

"அங்க காய் மலிவு" என்றார் விசிலார், கடலைப் பார்த்தபடி. அதாவது டிவி ஸ்டாண்டைப் பார்த்தபடி.

பிறகு அவருக்குப் புயல் ஆசை வந்தது. புயல் பார்க்காதவன் என்ன கேப்டன்? ஒத்திகை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"வியாழக்கிழம வச்சுக்கலாம்" என்றார் டீச்சர், யோசித்து.

வியாழக்கிழமை ஃபேன் முழு வேகத்தில் சுழன்றது. முகத்தில் ஒரு வாளித் தண்ணீர் அறைந்தது. கொடிக்கயிற்றால் கேப்டன் ஜன்னல் கம்பியோடு கட்டப்பட்டார்.

"என்ன எதுக்குக் கட்டற?"

"அல உங்கள அடிச்சிட்டுப் போயிட்டா எனக்கு யாருங்க இருக்கா?"

விசிலார் உருகிவிட்டார். இன்னொரு முடிச்சும் போடச் சொன்னார். "உதவிக்கு ஆள் கூட்டிட்டு வரேன்" என்று தோணியில் போன டீச்சர், பொழுது சாய்ந்தபிறகுதான் திரும்பினார். கையில் இனிப்புப் பெட்டி. புயலில் தான் பிழைத்ததற்காக என்று நினைத்து, கட்டை அவிழ்க்கும் முன்பே விசிலார் வாயைத் திறந்து இரண்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் வீட்டைப் பூட்டினார்கள். பெட்டி, பாய், குக்கர் எல்லாம் பச்சைப் படகில் ஏறின. பசிக்குமே என்று டீச்சர் முதல் காரியமாக அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு வெளியே வந்தார். விசிலார் படகுக்காரரிடம் கையை நீட்டினார். சாவி அந்தக் கையைத் தாண்டி டீச்சரிடம் போனது.

"லைசென்ஸ் அம்மா பேர்லதானங்க இருக்கு? முதல் தடவையிலயே பாஸ். அதிகாரியே அசந்துட்டாரு."

விசிலார் ஒரு கணம்தான் தடுமாறினார். "நல்லதாப் போச்சு. அவ டிரைவர். நான் கேப்டன்."

"இது என்ன பஸ்ஸா ஐயா? இவ்ளோ சின்னப் படகுல ஓட்டுறவங்கதான் கேப்டன். அன்னிக்கே சொல்ல வந்தேன். அம்மா கண்ணக் காட்டுனாங்க."

கத்தரிக்காயும் டீசல் வாசமும் கொடிக்கயிறும் விசிலாரின் மண்டைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

"அப்ப புயலன்னிக்கு..."

"பரீட்சைங்க."

"கட்டிப் போட்டுட்டுல்ல போன!"

"ஒத்திக வேணும்னு கேட்டது யாரு?" டீச்சர் சாவியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கும் ஆசங்க. ஆயுசு பூரா யாரோ ஸ்டீரிங்கப் பிடிக்கறதப் பாத்துட்டு பக்கத்துல உக்காந்து பிரேக் மிதிச்சேன். ஒரு தடவையாவது நானே ஓட்டணும். முன்னாலயே சொல்லியிருந்தா அந்த நாற்காலிய விட்டுருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டார். அது அவருக்கே தெரிந்தது. பாவம், மனம் கனத்துவிட்டது.

"அப்ப நான் எதுக்கு?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? நீங்க விசில் ஊதாம வண்டி கிளம்புமா?"

விசிலாரின் நெஞ்சு பழைய அளவுக்கு விரிந்தது. படகின் முனையில் போய் நின்றார். கூண்டுக்குள் எத்தனை வருஷம் ஊதினாரோ அத்தனையையும் சேர்த்து ஒரு ஊது ஊதினார். கரையில் இருந்த நாய்கள் எழுந்து நின்றன. தூரத்தில் ஒரு பஸ் கிளம்பியேவிட்டது.

படகு மட்டும் அசையவில்லை. டீச்சர் உயர நாற்காலியில் சாவியைப் பிடித்தபடி எதற்கோ காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே குக்கர் ஊதியது.

"அடுப்ப அணைச்சிடுங்க" என்றார் டீச்சர்.

"ஆகட்டும் கேப்டன்" என்று விசிலார் நகர்ந்தார். அதற்கப்புறம்தான் படகு நகர்ந்தது.