முன்தகட்டாரின் மணிக்கட்டு

குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட முன்தகட்டார், வலியில்கூடக் கத்தவில்லை. கத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

உடைந்த மணிக்கட்டுக்கு முன்புறம், அதாவது உள்ளங்கைப் பக்கமாக, உலோகத் தகடு வைத்துத் திருகாணி முடுக்குவதே சிறந்தது என்று மேடைமேடையாக முழங்கி, அந்தப் பட்டப்பெயரை வாங்கிய எலும்பு டாக்டர் அவர். புறங்கைப் பக்கமே மேல் என்று எதிர்மேடையில் முழங்குபவர் பின்தகட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை டாக்டர்கள் மாநாட்டில் இருவருக்கும் நேருக்கு நேர் விவாதம்.

"உங்க ஆஸ்பத்திரிக்கே போங்களேன். ஜூனியருங்க இருக்காங்கல்ல?" என்றாள் மனைவி.

"அவங்ககிட்டயா? அவங்களுக்குக் கத்துக்கொடுத்ததே நான்தான்!"

"அப்போ நல்லதுதானே?"

முன்தகடு போட்டுக்கொண்ட சிலர் திரும்பி வந்து, "கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது டாக்டர்" என்று நின்றது டாக்டருக்கு நினைவுக்கு வந்தது. "பழகிடும்" என்று அவர்களை அனுப்பிவைத்ததும் நினைவுக்கு வந்தது. கட்டைவிரல் மடங்காவிட்டால் இனி ஆபரேஷன் கத்தியை எப்படிப் பிடிப்பது?

கையில் பாண்டேஜைச் சுற்றி, முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வேலைக்குப் போனார். வாசலிலேயே குணமான நோயாளி ஒருவர் நன்றிப் பெருக்கில் அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார். டாக்டர் போட்ட அலறலில் ஜூனியர்கள் மொத்தமாக ஓடி வந்தார்கள்.

"எக்ஸ்ரே எடுத்துடலாம் சார். முறிவா இருந்தா நாங்களே முன்தகடு போட்டுடுறோம்!" என்றான் ஒருவன் ஆசையாக.

"வெறும் சுளுக்குப்பா!" என்று சொல்லிவிட்டு, வந்த காரிலேயே தப்பினார்.

கார் போய் நின்றது பின்தகட்டாரின் மருத்துவமனையில். முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, மைத்துனர் பெயரில் சீட்டு. எல்லாம் வீண்.

"வாங்க, வாங்க! உங்க நடையை எனக்குத் தெரியாதா?" என்று வரவேற்ற பின்தகட்டார், எக்ஸ்ரேயைப் பார்த்தார். தன் மணிக்கட்டில் இருந்த அகலமான வாட்ச் பட்டையைத் தடவிக்கொண்டே, "எந்தப் பக்கம் போடட்டும்?" என்று கேட்டார்.

முன்தகட்டார் தொண்டையைச் செருமினார். "பின்பக்கமே... ஆனா வெளியில தெரியக் கூடாது."

"தெரியாது. அதுக்குப் பதிலா, ஞாயித்துக்கிழமை மேடையில பின்தகடுதான் சிறந்ததுன்னு உங்க வாயால சொல்லணும்."

மானமா, கட்டைவிரலா? கட்டைவிரல் ஜெயித்தது. டாக்டர் தலையாட்டினார்.

கையை மட்டும் மரத்துப்போக வைத்து ஆபரேஷன் நடந்தது. தகடு ஏறி, தையலும் முடிந்தது. பின்தகட்டார் வெற்றிச் சிரிப்போடு வெளியேறினார். கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நர்ஸிடம் முன்தகட்டார் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"இது யாருக்கும் தெரிய வேண்டாம்மா. என் மானமே போயிடும்."

"நான் ஏன் சார் சொல்லப்போறேன்?" என்றாள் நர்ஸ். "போன வருஷம் எங்க டாக்டருக்குக் கை உடைஞ்சப்போ, வெளியூர் டாக்டரை வரவழைச்சு இதே டேபிள்ல முன்தகடு போட்டுக்கிட்டாரு. அதையே நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடலையே!"