கைவிட ஒரு சோபா

ஒரு விடுகதை போடுகிறேன். உள்ளவர் விட்டால் விரதம், இல்லாதவர் விட்டால் பட்டினி. அது என்ன?

கொஞ்சம் யோசியுங்கள். விடையைக் கடைசிப் பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டு உங்கள் கழுத்தை வலிக்கவைக்கப் போவதில்லை. மக்களை இழுத்தடிக்க அலுவலகங்கள் இருக்கின்றன. விடை: ஒரு வேளைச் சோறு.

நெல்லித்தோப்பில் ஐந்தாம் வகுப்பு படித்த அன்புசெல்விக்குக் கேட்டவுடனே இந்த விடை தெரிந்துவிட்டது. குடும்பச் சிக்கன ஊக்குவிப்பு அலுவலகத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. கதை அவ்வளவுதான். இருந்தாலும் முறைப்படி சொல்லிவிடுகிறேன்.

அது 2009ஆம் ஆண்டு. அமெரிக்காவில் யாரோ சிலர் வீட்டுக் கடனைக் கட்டவில்லை. அதனால் சில வங்கிகள் விழுந்தன. வங்கிகள் விழுந்ததால் வெளிநாடுகளில் பலர் புது ஷூ வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். அவர்கள் தள்ளிப்போட்டதால், உழவர்கரையில் ஷூவுக்குத் தோல் தைத்து அனுப்பும் கம்பெனியில் அரிகிருஷ்ணனுக்கு வாரத்தில் ஆறு நாளாக இருந்த வேலை மூன்று நாளானது. உலகமே ஒரு குடும்பம் என்று அவர் மகள் அன்புசெல்வியின் பாடப்புத்தகத்தில் எழுதியிருந்தது. அது எப்படி என்று அரிகிருஷ்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் செலவைக் குறைத்தார்கள். முதலில் கேபிள் போனது. பிறகு பால் போய்க் கட்டஞ்சாயா வந்தது. அரிகிருஷ்ணனின் மனைவி வசந்தா வம்பாகீரப்பாளையத்து மீனவர் வீட்டுப் பெண். மீன் இல்லாமல் சோறு இறங்காது. வஞ்சிரம் போய் மலிவான காரப்பொடி மீன் வந்தது. காரப்பொடியும் போய், பக்கத்து வீட்டு மீன் குழம்பின் வாசனை மட்டும் வந்தது. அதற்குக் காசு கிடையாது.

குறைக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: அன்புசெல்வியின் பள்ளிக் கட்டணம். ஜூன் முப்பதுக்குள் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தது. அந்தச் சீட்டை அன்புசெல்வி அப்பாவிடம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு முறை படித்தாள். எதையும் இரண்டு முறை படித்த பிறகே பதில் எழுத வேண்டும் என்பது அவளுடைய டீச்சர் சொல்லித்தந்தது. அந்த டீச்சருக்காகவே காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போகிற பெண் அவள்.

அந்த நேரத்தில்தான் அலுவலகம் விழித்துக்கொண்டது. "நிலவும் பொருளாதார மந்தநிலையைக் கருத்தில் கொண்டு, ஆடம்பரங்களைத் துறந்து முன்மாதிரியாகத் திகழும் சிக்கனக் குடும்பங்களில் தலா ஒரு குழந்தையின் ஓராண்டுப் பள்ளிக் கட்டணத்தை இவ்வலுவலகம் ஏற்கும்" என்று ஜூன் ஐந்தாம் தேதி அறிவிப்பு வந்தது. வீட்டுக்கு ஆய்வாளர் இரண்டு முறை வருவார். முதல் முறை, வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுவார். இரண்டாம் முறை, அதில் என்னென்ன போயிருக்கிறது என்று எழுதுவார். போன பொருள் ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண். இருபத்தைந்து எடுத்தால் தேர்ச்சி.

"நம்ம வூட்ல எல்லாமே போயிடுச்சு. நாமதான் முதல் மார்க்கு" என்றார் அரிகிருஷ்ணன்.

திங்கட்கிழமை ஆய்வாளர் அம்மாவாசை வந்தார். நல்ல மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தார்.

"சோபா?"

"இல்ல சார்" என்றாள் வசந்தா பெருமையாக.

"எப்ப விட்டீங்க?"

"விடல சார். இருந்ததே இல்ல."

அம்மாவாசை பேனாவை மூடினார். "அப்ப அது சிக்கனம் இல்லம்மா. வெறும் இல்லாமை. இல்லாமைக்கு வேற ஆபீஸ்."

"கேபிள் இருந்துது சார். பிப்ரவரியில எடுத்துட்டோம்."

"திட்டம் வந்தது அஞ்சாம் தேதி. அதுக்கு முன்னாடி செஞ்ச சிக்கனம் செல்லாது. ஏன் அவசரப்பட்டீங்க?"

"அப்ப பாலு சார்?" என்றாள் வசந்தா.

"எப்ப நிறுத்தினீங்க?"

"ஏப்ரல்ல."

அம்மாவாசை உண்மையாகவே வருத்தப்பட்டார். "இப்படி எல்லாத்தையும் முன்னாடியே விட்டுட்டா, நாங்க உங்களை எப்படித்தான் காப்பாத்தறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதல் ஆய்வை வியாழக்கிழமைக்குத் தள்ளி வைக்கிறேன். அதுக்குள்ள கொஞ்சம் வசதியா இருங்க. அப்புறம் விட்டுடலாம்."

மூன்று நாளில் எப்படி வசதியாவது என்று அரிகிருஷ்ணன் அன்று முழுவதும் யோசித்தார். வசந்தா யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பக்கத்து வீடு ஜோசஃபினுடையது. அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் காலமான பிறகும் பென்ஷன் மாதா மாதம் யூரோவில் வந்தது. தெருவில் எல்லாருக்கும் அவர் "மதாம்". மீன் குழம்பின் வாசனை வந்ததும் அங்கிருந்துதான்.

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார் ஜோசஃபின். "ஏம்மா வசந்தா, ஏழைன்னு காட்டறதுக்கு என் சோபாவா?"

"பதினஞ்சு நாளுக்குத்தான் மதாம். ரெண்டாவது தடவ அவரு வர்றதுக்குள்ள திருப்பிக் குடுத்துடறோம். பொண்ணு படிப்பு மதாம்."

ஜோசஃபின் நல்ல மனது உள்ளவர். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டிலிருந்து சோபா, ஏர்கூலர், டி.வி.டி. பிளேயர், கம்பளம், காபி மெஷின் ஆகிய ஐந்தும் வசந்தாவின் ஒற்றை அறைக்குள் வந்தன. ஐந்தைந்து இருபத்தைந்து. சோபாவை உள்ளே கொண்டுவருவதற்காகக் கதவைக் கழற்றி மாட்டினார்கள்.

பதினொரு மணிக்கு அம்மாவாசை வந்தார். அவர் முகம் மலர்ந்தது. "இந்த மாதிரி குடும்பத்தைத்தான் ஆபீஸ் தேடிட்டு இருக்கு" என்று சொல்லி ஐந்தையும் எழுதிக்கொண்டார். பிறகு சோபாவில் சாய்ந்து, "அந்த மெஷின்ல ஒரு காபி" என்றார்.

அதை எப்படி இயக்குவது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அரிகிருஷ்ணன் ஒரு பொத்தானை அழுத்தினார். ஆவி வந்தது, காபி வரவில்லை. அன்புசெல்வி ஜோசஃபினைக் கூப்பிட ஓடினாள். ஆவிக்குப் பயந்து அம்மாவாசையும் பின்னாலேயே போனார்.

அங்கே அவர் கண்ட காட்சியைப் பிற்பாடு அலுவலகக் குறிப்பில் "மெய்சிலிர்க்கவைத்தது" என்று எழுதினார். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒன்றுமே இல்லை. வெறுந்தரையில் ஒரு பாய். அதில் உட்கார்ந்து ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைப் பெண்மணி பனை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"இங்க சோபா இருந்துதா மதாம்?"

"இருந்துதே" என்று ஜோசஃபின் சுவரைக் காட்டினார். படத்தில், அதே கூடத்தில், பேத்தி ஈனெஸ் சோபாவில் உட்கார்ந்து சிரித்தாள்.

"எப்ப விட்டீங்க?"

ஜோசஃபினுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "காலையில பத்து மணிக்கு."

"எங்க போச்சு?"

"சோபாவோட சேத்து அஞ்சு சாமானையும் பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டேன்."

"தானம்!" என்றார் அம்மாவாசை. அதற்குத் தனியாகப் பத்து மதிப்பெண் உண்டு. அங்கேயே கூட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து. மதாமின் வீடு, நெல்லித்தோப்பின் முதல் சிக்கனக் குடும்பமாக அறிவிக்கப்பட்டது. ஷீல்டு வந்தது; பாராட்டு விழா அடுத்த மாதம் என்றார்கள். பேப்பரில் படம் வந்தது: பாய், விசிறி, ஜோசஃபின்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு ஜோசஃபினைக் குறை சொல்ல முடியாது. படம் வந்த மறுநாள், கடற்கரைப் பக்கம் பெரிய வீட்டில் இருக்கும் அவருடைய தோழி மரி-லோர் பார்க்க வந்தார். வெற்றுக் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எவ்வளவு எளிமை! யாரு செஞ்சு குடுத்தாங்க?"

"நானேதான்" என்றார் ஜோசஃபின்.

அடுத்த வாரத்துக்குள் ஊரில் வசதியுள்ள வீடுகளில் எல்லாம் எளிமை வந்துவிட்டது. சோபாவில் உட்காருவது நாகரிகமில்லை என்றானது. மரி-லோர் வீட்டில் கூழ் விருந்து நடந்தது. கூழ் ஓட்டலிலிருந்து வந்தது. கூழ் குடிக்க வாங்கிய மண் கலயம் பீங்கானைவிட விலை அதிகம். தரையில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் விருந்தாளிகளைத் தூக்கிவிட இரண்டு ஆட்களை வைத்தார்கள்.

சரி, வேண்டாத சோபாக்களை எங்கே வைப்பது? அதற்குத்தான் ஏழை வீடுகள் இருக்கின்றனவே.

"வசந்தா, மரி-லோரோட சோபா ரெண்டு இருக்கு. பாவம், வைக்க இடமில்லாம தவிக்கிறா" என்றார் ஜோசஃபின்.

"மதாம், எங்களுக்கே படுக்க இடம் இல்ல. உங்க சோபாவையே திருப்பிக் கொண்டாரலாம்னு இருந்தேன்..."

"ஐயையோ, இங்க வேணாம்மா! மறுபடியும் உள்ள வந்தா ஷீல்டைத் திருப்பிக் கேப்பாங்களாம். விழா முடியட்டும்."

வசந்தா வீட்டுக்கு வந்து சொன்னதும் அரிகிருஷ்ணன் குதித்தார். "முடியாதுன்னு சொல்ல வாய் இல்லியா உனக்கு?"

"கேட்ட உடனே குடுத்த மகராசி. இப்ப அவங்க கேக்கும்போது எந்த வாயால இல்லன்றது? உங்க வாய் சும்மாத்தான இருக்கு, போய் சொல்லுங்க பாப்போம்."

அரிகிருஷ்ணன் போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். "ரெண்டுதானாம்" என்றார்.

கதவை மறுபடியும் கழற்றினார்கள். குடும்பம் சோபாக்களின் மேல் தூங்கியது. சோறு பொங்குவதற்கு வசந்தா ஒரு சோபாவில் ஏறி இன்னொரு சோபாவில் இறங்கினாள். பொங்கிய சோறு பழைய அளவுதான். நடுவில் கிடைத்த ஒரு முழம் தரையில் அன்புசெல்வி வீட்டுப்பாடம் எழுதினாள்.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி இரண்டாம் ஆய்வு. அம்மாவாசை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"போன தடவை ஒரு சோபா. இப்ப மூணு. நாடே ஆறேழு சதவீதம்தான் வளருது. மந்தநிலையில நீங்க மூணு மடங்கு வளர்ந்திருக்கீங்க."

"எதுவும் எங்களுது இல்ல சார்" என்றார் அரிகிருஷ்ணன்.

"உங்களுது இல்லாததை வூட்ல வெச்சிருக்கீங்கன்னு எழுதட்டுமா? அதுக்கு படிவம் எங்ககிட்ட இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு."

அம்மாவாசை படிவத்தைப் பிரித்தார்.

"மதிப்பெண் பூஜ்யம். அதோட நான் மேல ஒரு குறிப்பும் அனுப்பணும். மூணு சோபா இருக்கிற வீட்டுக்கு சிவப்பு ரேஷன் கார்டு எதுக்குன்னு கேள்வி வரும். மஞ்சளா மாத்துவாங்க."

சிவப்பு கார்டு போனால் மலிவு அரிசி போய்விடும். வசந்தா சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "சார், முப்பதாம் தேதி பொண்ணு பேரை எடுத்துடுவாங்க சார்" என்றாள். பேச்சு கேட்டு ஜோசஃபினும் வாசலுக்கு வந்தார். நடந்தது புரிந்ததும் அவர் முகம் வாடியது. "முசே, அது என்னோட சோபாதான். வேணும்னா எழுதித் தர்றேன்" என்றார்.

"மதாம், உங்க கோப்பை முடிச்சு மேல அனுப்பிட்டேன். முடிஞ்ச கோப்புல உண்மையைச் சேர்க்க முடியாது."

நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இதுவரை யாரும் எட்டிப் பார்க்காத கடைசிப் பக்கத்தில் இருபத்தெட்டாம் பத்தி இருந்தது.

"இதோ இருக்கே! 'குழந்தை தானே முன்வந்து கைவிடும் பொருள். மதிப்பெண் இருபத்தைந்து.' மொத்தமும் இதுலயே வந்துடும். வந்தா இன்னிக்கே சாங்ஷன். ரேஷன் கார்டைப் பத்தியும் எழுத மாட்டேன். செக் நேரா பள்ளிக்கூடத்துப் பேருக்கே போயிடும். பாப்பா, இங்க வாம்மா."

அன்புசெல்வி சோபாவின் மேல் ஏறி வந்தாள்.

"ஐஸ்க்ரீம்னு சொல்லுடி" என்று வசந்தா உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அம்மா, ஐஸை நான் மார்ச்லயே விட்டுட்டேன். செல்லாது."

"பெத்தவங்க சொல்லித்தரக் கூடாது" என்றார் அம்மாவாசை. "நிபந்தனை எல்லாம் கீழ போட்டிருக்கு. நீயே படிச்சுப் பாரும்மா."

அன்புசெல்வி உரக்கப் படித்தாள். பொருள் குழந்தைக்கே உரியதாக இருக்க வேண்டும். அதனால் குடும்பத்துக்குச் செலவு இருக்க வேண்டும். கைவிட்டால் அந்தச் செலவு நிற்க வேண்டும். திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டால் தொகை ரத்து.

"பிடிச்சதா இருக்கணுமா சார்?"

"பின்ன? பிடிக்காததை விடறது ஒரு சிக்கனமா?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சோபாக்கள் மரி-லோருடையவையும் மதாமுடையவையும். கம்பளம் மதாமுடையது. கொடியில் ஒரு யூனிஃபார்ம் காய்ந்தது. அதன் கீழே அவள் பை இருந்தது.

"யோசிக்காதம்மா, ஏதாவது ஒண்ணு எழுது" என்றார் அரிகிருஷ்ணன். "ஆபீஸ்தானே."

அம்மாவாசை தன்னுடைய பேனாவையே கொடுத்தார். ஏர்கூலர் தண்ணீர் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்புசெல்வி நிபந்தனைகளை இரண்டாம் முறை படித்தாள்.

பிறகு அந்தக் கட்டத்துக்குள், குண்டு குண்டான எழுத்தில், பள்ளிக்கூடம் என்று எழுதினாள்.