திரும்பி வந்த ஒரே ஆள்

ஓர் ஊரின் பெருமை, அந்த ஊரை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையில் இல்லை. திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. கரவெட்டியிலிருந்து போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். உலகத்தில் எங்கெங்கு குளிருமோ அங்கெல்லாம் இருக்கிறார்கள். ஆனால், லண்டனுக்குப் போய், லண்டனைப் பார்த்து, 'இது நமக்குச் சரிவராது' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர். அவர் சமாதான நீதவான் இளையதம்பி.

அந்த ஒருவர், மாசி மாதத்து வெள்ளிக்கிழமைக் காலையில், கடவுச்சீட்டு விண்ணப்பத்தின் ஏழாம் கேள்விக்கு முன்னால் முக்கால் மணித்தியாலமாக உட்கார்ந்திருந்தார்.

'இதற்கு முன்னர் கடவுச்சீட்டு வைத்திருந்தீரா? ஆம் எனின், அதன் இலக்கம்.'

"இஞ்சாருங்கோ, நான் என்ரை போமிலை 'இல்லை' எண்டு எழுதி முடிச்சு, ரண்டு தரம் தேத்தண்ணியும் போட்டிட்டன்," என்றார் மனைவி பத்மாசினி. "உங்கடை பழைய நம்பரைச் சொன்னால் நானே எழுதுவன்."

"பொறும். யோசிக்கிறன்."

மகள் தக்சாயினிக்கு வைகாசியில் லண்டனில் கலியாணம். மண்டபம் எடுத்தாயிற்று, ஐயரும் பிடித்தாயிற்று. தாரை வார்த்துக் கொடுக்க அப்பா மட்டும்தான் குறை. "நீங்கள் வராட்டில் நான் மணவறையிலை ஏறமாட்டன்," என்று மகள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். "உங்களுக்கென்னப்பா, லண்டன் தெரிஞ்ச ஆள். அம்மாவைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒண்டு கேக்க வேணும், நீங்கள் இருந்த விக்ரோறியா லேனைத் தேடித் திரிஞ்சனான். அப்பிடியொரு லேனே இல்லையாம்."

"இடிச்சிருப்பாங்கள், பிள்ளை. வெள்ளையள் பழசு ஒண்டையும் வைச்சிருக்கமாட்டாங்கள்."

"இஞ்சை எல்லாமே பழசுதான் அப்பா."

இளையதம்பிக்குத் தெரிந்த லண்டன் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இருந்தது.

எண்பத்து நான்காம் ஆண்டுக் கடைசி, வயது இருபத்து நான்கு. கொழும்பில் ஓர் ஏஜென்சிக்காரன் அவருடைய பிறப்புப் பத்திரத்தையும் படத்தையும் வாங்கிக்கொண்டு, கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் அவரை இருத்தினான். "நாளைக்குப் பறக்கலாம் தம்பி," என்று எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் சிரித்துக்கொண்டு சொன்னான். பிறகு ஒருநாள் ஆளைக் காணவில்லை. அறையில் முன்பு இருந்தவர் யாரோ விட்டுப் போன ஒரு பிஸ்கற் தகரம் மட்டும் இருந்தது. அதன் மூடியில் ஒரு பெரிய ஆறு, இரண்டு கைகளையும் தூக்கி நிற்கும் ஒரு பாலம், மெல்லிய பனிப்புகார். இளையதம்பி எட்டு மாதமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறுங்கையோடு ஊருக்குத் திரும்ப வெட்கம். புறக்கோட்டை நடைபாதையில் ஒரு கம்பளிக் கோட் வாங்கி, தகரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மண்டை பிளக்கும் வெய்யிலில் நெல்லியடிச் சந்தியில் கோட்டோடு இறங்கியவரை ஊர் சுற்றிக்கொண்டது.

"லண்டன் எப்பிடி?" என்று யாரோ கேட்டார்கள்.

"குளிர்," என்றார் இளையதம்பி.

அன்றைக்கு அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. அந்தக் கோட்டுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளர் பதவி வந்தது. பிறகு சமாதான நீதவான் என்ற ஜே.பி. பட்டம் வந்தது. பரிசளிப்பு விழாக்களில், "நான் லண்டனிலை நிக்கேக்கை..." என்று தொடங்கினால்தான் சபை அடங்கும். நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, அவருக்கே இப்போது அந்தப் பாலத்தின் கைப்பிடி உள்ளங்கையில் சில்லிடும். புறாக்கள் தோளில் வந்து இருக்கும். எப்போதாவது புகாருக்குள்ளிருந்து கொட்டாஞ்சேனைச் சாக்கடைக் கானின் நாற்றம் வரும். அப்போது மட்டும் அவர் பேச்சை முடித்துக்கொள்வார்.

"என்ன, கனவு காணுறியளோ? நம்பர்?" என்றார் பத்மாசினி.

"நம்பர் இல்லை. பாஸ்போட் துலைஞ்சு போச்சு. எண்பத்தேழிலை ஷெல்லடிக்கை ஓடேக்கை."

"பிஸ்கற் தகரத்தைக் காவிக்கொண்டு ஓடினனீங்கள். பாஸ்போட்டை விட்டிட்டு ஓடினனீங்களோ?"

"தகரம் கைக்குக் கிட்ட இருந்தது."

பத்மாசினி 'ஆம். தொலைந்துவிட்டது' என்று வடிவான எழுத்தில் எழுதினார். அத்தோடு முடிந்தது என்று இளையதம்பி நினைத்தார்.

வான்காரன் ஜெயரூபன்தான் ஊரில் கடவுச்சீட்டுச் சட்டங்களுக்கெல்லாம் பொறுப்பு. கடவுச்சீட்டுக் கந்தோருக்கு ஆள் ஏற்றி இறக்கியே எல்லாம் தெரிந்துகொண்டவன். போமைப் பார்த்ததும் தலையை ஆட்டினான்.

"துலைஞ்சதெண்டால் பொலிஸிலை என்ரி போட வேணும் அண்ணை."

"இல்லையெண்டு மாத்தி எழுதினால்?"

"லண்டன் போன மனிசன் போகேல்லை எண்டு எழுதுறதோ? பிடிச்சு உள்ளை போடுவாங்கள்!"

பொலிஸில் ஜே.பி. என்றபடியால் கதிரை தந்தார்கள். கொன்ஸ்ரபிள் பெரிய கொப்பியைத் திறந்தார்.

"எப்ப துலைஞ்சது?"

"எண்பத்தேழு வைகாசி."

கொன்ஸ்ரபிள் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். பிறகு இளையதம்பியைப் பார்த்தார்.

"ஏன் ஐயா உடனை வந்து சொல்லேல்லை?"

"அவசரம் இருக்கேல்லை."

"பழைய விசயம். சத்தியக் கடதாசி ஒண்டு கொண்டு வாங்கோ. ஜே.பி. ஒராள் கையெழுத்து வைச்சால் காணும்."

"நானே ஜே.பி.தான்."

"உங்களுக்கு நீங்களே வைக்கேலாது ஐயா."

கரவெட்டியில் அந்தப் பக்கத்தில் இருந்த மற்ற ஜே.பி. மார்க்கண்டு. இளைப்பாறிய தபாலதிபர். நாற்பது வருடமாக மேடையில் இரண்டாவது நாற்காலியில் இருந்து, 'நான் லண்டனிலை நிக்கேக்கை' கேட்டவர். முத்திரையை அவர் ஊதி ஊதித் துடைத்த விதத்திலேயே மகிழ்ச்சி தெரிந்தது.

"அப்ப நீர் எனக்கு முன்னாலை சத்தியம் பண்ணப் போறீர்."

"ஓம், பண்ணத்தானே வேணும்."

"எழும்பி நிண்டு பண்ணும். முறை எண்டு ஒண்டு இருக்கு. பாஸ்போட்டைக் கண்ணாலை கண்ட சாட்சி ரண்டு பேரும் வேணும்."

இளையதம்பி உள்ளூர நிம்மதிப் பெருமூச்சு விட்டார். இல்லாத ஒன்றைக் கண்டவர் யார் இருக்க முடியும்? சாட்சி இல்லாமல் விசயம் இதோடு படுத்துவிடும். வேறு வழி பார்க்கலாம்.

"நான் கண்டனான்!" என்றான் ஜெயரூபன் வாசலில் நின்று. "எனக்கு அப்ப எட்டு வயசு. அண்ணை கோட்டோடை பஸ்ஸாலை இறங்கினவர். கையிலை பாஸ்போட். நான் தொட்டும் பாத்தனான். சிவப்பு மட்டை."

அன்றைக்குத் தகரத்தோடு கையில் இருந்தது லொட்ஜ்காரன் கொடுத்த சின்ன டயறி. அதுவும் பச்சை.

"சிவப்போ? நீலமடா," என்றார் பக்கத்துக் கடைக்காரர் சுபாஸ், கூப்பிடாமலே வந்து. "உள்ளுக்கை லண்டன் முத்திரை. வட்டமா. நான் வாசிச்சனான்."

"சிவப்பு."

"நீலம். என்ரை கண்ணுக்கை நிக்குது."

இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் இளையதம்பியைக் கலக்கியது. அவர்களின் கண்களில் அந்தப் பாஸ்போட் உண்மையாகவே இருந்தது. ஒரு கணம் அவருக்கும் அது நீலமாகத்தான் இருந்திருக்கும்போலத் தோன்றியது.

மார்க்கண்டு நீதியாக நடந்துகொண்டார். 'கடும் நிறமுடையது' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"நானும் கந்தோருக்கு வாறன். என்ரை முத்திரைக்கு நான்தானே பொறுப்பு," என்றார்.

திங்கட்கிழமை விடிய வான் வெளிக்கிட்டது. முன் சீற்றில் மார்க்கண்டு, பின்னால் கணவனும் மனைவியும். மாசிப் பனி மூசிப் பெய்தது. வல்லைவெளியில் றோட்டும் இல்லை, வானமும் இல்லை. வெள்ளைக்குள் ஒரு பாலம் மட்டும் மெல்ல வந்து மெல்லப் போனது. தண்ணீரில் கொக்குகள் ஒற்றைக் காலில் ஏதோ முடிவெடுக்க நின்றன.

"லண்டன் உப்பிடித்தானோ இருக்கும்?" என்று கேட்டார் பத்மாசினி.

"உப்பிடித்தான்," என்றார் இளையதம்பி. அது ஒன்றுதான் அந்த நான்கு நாட்களில் அவர் மனமாரச் சொன்ன பதில்.

அவருக்கு அந்தப் புகார் முடியாமல் இருந்தால் போதும்போல இருந்தது. ஆனால் புத்தூர் வரும்போது வெய்யில் வந்துவிட்டது.

கந்தோரில் இலக்கம் வந்ததும் நான்கு பேருமாகக் கவுண்டர்க் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார்கள். உள்ளே மதுரா என்று பெயர் குத்திய ஒரு பிள்ளை. பொலிஸ் என்ரி, சத்தியக் கடதாசி, சாட்சிக் கையொப்பங்கள் எல்லாவற்றையும் புரட்டினாள்.

"நம்பர் தெரியாதோ ஐயா?"

"நாப்பது வருசம், பிள்ளை."

"பரவாயில்லை. பழைய பதிவெல்லாம் இப்ப கொம்பியூட்டரிலை ஏத்தியாச்சு. பேரையும் பிறந்த திகதியையும் போட்டால் வரும்."

இளையதம்பியின் பார்வை கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலில் விழுந்தது. பொய்த் தகவல் தருவோருக்குச் சிறை. பிள்ளை தேடப் போகிறாள். ஒன்றும் வரப்போவதில்லை. ஜே.பி. பட்டம் போகும். பாஸ்போட் போகும். வைகாசியில் மகள் மணவறைக்குக் கீழே நின்றபடியே இருப்பாள். மனக்கண்ணில் அந்தப் பாலம் இரண்டு கைகளையும் தூக்கியது. இந்த முறை அது சரணடைவதுபோல இருந்தது.

"பிள்ளை, தேடாதேங்கோ!"

மதுராவின் கை நின்றது.

"நான் லண்டனுக்குப் போகேல்லை."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு நாளும் போகேல்லை. கொட்டாஞ்சேனையிலை எட்டு மாசம் இருந்தனான். ஏஜென்சிக்காரன் பத்திரங்களோடை ஓடிட்டான். பாஸ்போட்டை நான் கண்ணாலையும் காணேல்லை. ஏழாம் கேள்விக்கு 'இல்லை' எண்டு மாத்தித் தாங்கோ. மகளின்ரை கலியாணம். தாரை வார்க்க வேணும்."

பத்மாசினி மெல்லத் திரும்பினார்.

"அப்ப அந்தக் கோட்?"

"புறக்கோட்டை."

"தகரம்?"

"லொட்ஜிலை கிடந்தது."

"என்னைப் பெத்த ஐயா அந்தக் கோட்டைப் பாத்துத்தான் ஓமெண்டவர்," என்றார் பத்மாசினி. கைப்பையை எடுத்துக்கொண்டு போய், மூன்று கதிரை தள்ளி இருந்தார்.

"என்ரை முத்திரை!" என்றார் மார்க்கண்டு. "எழும்பி நிண்டு சத்தியம் பண்ணினீர்!"

"நான் தொட்டுப் பாத்தனான்," என்றான் ஜெயரூபன், யாருக்கும் இல்லாமல். எட்டு வயதிலிருந்து வைத்திருந்த ஒன்றை அவனிடமிருந்து பிடுங்கியதுபோல இருந்தது.

இளையதம்பிக்கு உடம்பு லேசானது. உண்மை சொன்னால் இப்படி இருக்கும் என்று முதலே தெரிந்திருந்தால், ஐந்தாறு வருடம் முந்தியே சொல்லியிருக்கலாம்.

மதுரா விசைப்பலகையில் கடைசித் தட்டைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். முகம் இறுகியது.

"ஐயா, உங்களைப்போலப் பெரியாக்கள் ஏன் பொய் சொல்லுறியள்?"

"நான் இப்பதானம்மா உண்மையைச் சொன்னனான்."

அவள் திரையைத் திருப்பினாள். "இளையதம்பி. கரவெட்டி. பிறந்த திகதி சரி. எண்பத்தஞ்சு ஆனியிலை பாஸ்போட் குடுபட்டிருக்கு. ஆடியிலை கட்டுநாயக்காவாலை லண்டனுக்கு வெளிக்கிட்டிருக்கிறியள்."

திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மெல்லிய மீசை. 'நாளைக்குப் பறக்கலாம் தம்பி' என்று சொல்லும்போது வருகிற அதே சிரிப்பு. அவருடைய பெயருக்கு மேலே ஏஜென்சிக்காரன்.

"இது... இது நான் இல்லை."

"நாப்பது வருசத்திலை முகம் மாறும்தானே ஐயா."

மார்க்கண்டு கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தார். "பாத்தீரோ? என்ரை கடதாசி ஒரு நாளும் பிழைக்காது," என்றார்.

"சொன்னனான்தானே!" என்றான் ஜெயரூபன். அவன் முகத்தில் எட்டு வயது திரும்பி வந்திருந்தது.

பத்மாசினி கைப்பையோடு எழுந்து, மூன்று கதிரையையும் தாண்டி வந்தார். கணவரின் சேட்டுக் கழுத்துப் பட்டியை இழுத்துச் சரிசெய்தார்.

"அப்ப போனனீங்கள்தானே? பிறகேன் ஆக்களுக்கு முன்னாலை உந்த விசர்க் கதை?"

இளையதம்பி திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கந்தோரின் குளிரூட்டி மெல்லிய புகாரை ஊதிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு பாலம் கைகளை இறக்கி அவருக்கு வழிவிட்டது. தோளில் ஒரு புறா வந்து இருந்தது. கானின் நாற்றம் இல்லவே இல்லை.

"ஓம்," என்றார். "போனனான்."

"எப்பிடி இருந்தது ஐயா?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"குளிர்."

மதுரா விண்ணப்பத்தை மடித்துக் கண்ணாடிக்குக் கீழால் திருப்பித் தள்ளினாள்.

"போனதிலை ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா. உங்களுக்கு இஞ்சை பாஸ்போட் தரேலாது."

"ஏன் பிள்ளை?"

"நீங்கள் இன்னும் திரும்பி வரேல்லை."