ஏணி எழுத்து போட்ட வாய்ச்சி

தார்ப்பாயில் வாய்ச்சிகள் வரிசையாகக் கிடந்தன. குத்ரத் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். எல்லாம் ஒரே ஜாடை. மண்வெட்டியைக் குட்டியாக்கின மாதிரி குறுக்கு வாய், குட்டைக் காம்பு, மேலே துரு. இதில் எது மாமனாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்டுபிடிக்காவிட்டால் குடி முழுகிப் போகும் என்பது மட்டும் தெரிந்தது.

"என்ன தேடறீங்க தம்பி?" என்றான் கடைக்காரன் ரினாத். தாத்தார் இனத்துக்காரன். வாய் நிறையத் தங்கப் பல்.

"பழைய வாய்ச்சி."

"இங்க எல்லாமே பழசுதான். நானே பழசுதான். எந்த மாதிரி வாய்ச்சி?"

"மரம் செதுக்கறது."

"பின்னே, மீசை செதுக்கறதா? அடையாளம் சொல்லுங்க."

அடையாளம் தெரிந்தால் அவன் ஏன் இப்படித் திருதிருவென்று முழிக்கப் போகிறான்? பக்கத்தில் கிடந்த ரம்பத்தை எடுத்து, அதில் அடித்திருந்த பெயரைத் தட்டுத் தடுமாறிப் படித்தான்.

"இந்த ரம்பத்துக்காரர் யாரு? பேரு வாயிலேயே நுழையலையே."

ரினாத் சிரித்தான். "அது ஆள் பேரு இல்ல, கம்பெனி பேரு. பழைய எழுத்து தம்பி. நீங்க புது எழுத்துல படிக்கறீங்க. உங்க வயசுப் பசங்க எல்லாரும் இப்படித்தான்."

தாஷ்கந்தில் ஒரே தெருவில் பாதிக் கடைப்பலகை பழைய ரஷ்ய எழுத்தில் இருக்கும், மீதி ஆங்கிலம் மாதிரியான புது எழுத்தில் இருக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது. குத்ரத் தலையைச் சொறிந்தான். அவன் கவலை எழுத்தைப் பற்றியது இல்லை.

கவலை முந்தின நாள் ஆரம்பித்தது. எங்கள் மஹல்லாவில் அன்று எல்லோரும் வீடு வாசல் சுத்தம் செய்யும் நாள். குத்ரத் வீட்டோடு மாப்பிள்ளை. ஆறு வருஷமாக மாமனார் ஹம்தம் வீட்டில்தான் இருக்கிறான். அண்ணன் தம்பிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் பிறந்த வீட்டில் அவனுக்குப் பாய் விரிக்கவும் இடமில்லை. இந்த ஆறு வருஷத்தில் ஹம்தம் அவனை நம்பி ஒரு ஆணியைக்கூடக் கையில் கொடுத்ததில்லை. போன வாரம் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஊற்று சானடோரியத்துக்குப் போகும்போதுதான் பட்டறைக் கொட்டகையின் சாவியை நீட்டி, "பத்திரம் மாப்பிள்ளை" என்றார். குத்ரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் கொட்டகையைக் கழுவித் துடைத்தான். மூலையில் ஒரு சாக்கு. மேலே கிழிந்த பஞ்சு அங்கி, உள்ளே ஏதோ இரும்பு. தெருவில் "ஷாரா-பாரா" என்று பழஞ்சாமான் தள்ளுவண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். குத்ரத் சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டு, சிவப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கிக்கொண்டான். பிறக்கப் போகிற குழந்தையைக் குளிப்பாட்ட ஆகுமே என்று நினைத்தான். மனைவி சனோபருக்கு எட்டாம் மாதம்.

சாயங்காலம் மாமனார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, மூலையில ஒரு சாக்கு இருக்கும். அங்கியில என் வாய்ச்சியைச் சுத்தி வச்சிருக்கேன். எடுத்து எண்ணெய் போட்டு வை. வர்ற ஞாயித்துக்கிழமை வந்ததும் பேரனுக்குத் தொட்டில் வேலை ஆரம்பிக்கணும்."

"சரி மாமா" என்றான் குத்ரத்.

தாய்வழித் தாத்தாதான் தொட்டில் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஹம்தம் விஷயத்தில் தொட்டில் பட்டறையிலிருந்து கூடத்துக்கு வந்தால் போதும். ஆனால் அதை வேறு வாய்ச்சியால் அவர் செதுக்க மாட்டார். அந்த வாய்ச்சியை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை, வாசலைத் தாண்டி எடுத்துப் போனதுமில்லை. தெருக்கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் கையில் எடுப்பார். கண்ணேறு பட்டுவிடும் என்பார்.

"நேத்து வண்டிக்காரன்கிட்ட போட்டதா?" என்றான் ரினாத், குத்ரத் நடந்ததைச் சொல்லி முடித்ததும். "அப்ப இங்க இருக்காது. அவன் வாரக் கடைசியிலதான் கொண்டாந்து கொட்டுவான். அடுத்த ஞாயிறு காலையில வாங்க."

"அன்னைக்குத்தான் மாமா வர்றார்."

"அப்ப இதை எடுத்துட்டுப் போங்க. அமீர் அரண்மனைத் தச்சன் வச்சிருந்தது. மாமனார் அசந்துடுவார்."

ரினாத்திடம் இருந்த சாமான் எல்லாமே அந்த அரண்மனையிலிருந்து வந்ததுதான், தக்காளி டப்பா திறக்கும் சாவி உட்பட. வேறு வழியில்லாமல் குத்ரத் வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, தேநீர் குடிக்கும் சாக்கில் மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

"சனோபர், மாமாவோட வாய்ச்சியை நீ கிட்டத்துல பார்த்திருக்கியா?"

"பார்க்காம? சின்ன வயசுல அதைத் தொட்டதுக்கு அடி வாங்கியிருக்கேன். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான். எண்ணெய் போடணும்."

"போடுங்க, ஆனா எழுத்து மேல அரத்தை வச்சுத் தேய்ச்சுடாதீங்க."

"எழுத்தா?"

"அப்பா பேரோட முதல் எழுத்து. ரெண்டு கம்பு, நடுவுல ஒரு குறுக்குக் கட்டை. ஒத்தப் படி வச்ச ஏணி மாதிரி இருக்கும். காம்புல செப்புக் கம்பி சுத்தியிருக்கும்."

குத்ரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் வாங்கி வந்ததில் எழுத்தும் இல்லை, கம்பியும் இல்லை. கம்பியைச் சுற்றிவிடலாம். எழுத்தை அவனேதான் அடிக்க வேண்டும்.

மறுநாள் சனோபர் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் உட்கார்ந்தான். உளியை வைத்து ஓங்கி அடித்ததில் முதல் கம்பு சாய்ந்துவிட்டது. அதற்குச் சமமாக இரண்டாவதையும் சாய்த்தான். ஏணி இப்போது குடித்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. நிமிர்த்தலாம் என்று இன்னும் நாலு அடி போட்டான். சத்தம் கேட்டு மதில்மேல் ஒரு தொப்பி முளைத்தது.

பக்கத்து வீட்டு நோர்குல் பெரியப்பா. மாமனாரோடு ஒரே ரயில்பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர், பால்ய சிநேகிதர்.

"என்ன மாப்பிள்ளை, ஹம்தம் இல்லாத நேரத்துல பட்டறை முழங்குது?"

குத்ரத் அவசரமாகத் தன் தொப்பியைக் கழற்றி எழுத்தை மூடினான். "ஒண்ணுமில்ல பெரியப்பா. சந்தையில பழைய வாய்ச்சி ஒண்ணு வாங்கினேன்."

நோர்குல் முகம் வாடிவிட்டது. "எங்கிட்டயும் ஒண்ணு இருந்தது. தண்டவாள இரும்பை அறுத்து நானே காய்ச்சி அடிச்சது. முப்பது வருஷத்துக்கு மேலாச்சு, காணாமப் போயி."

"யார் எடுத்தாங்க?"

"வேற யாரு, என் மச்சினன். அன்னைக்கு அவன்தான் வீட்டுக்கு வந்துட்டுப் போனான். அதுலேர்ந்து அவன் மூஞ்சியில நான் முழிக்கறதில்ல. அவன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போகல." மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "அந்தச் சந்தையில பழசு நிறையக் கிடக்குதா?"

ஆளை அனுப்பினால் போதும் என்று குத்ரத்துக்கு அவசரம். "குவிஞ்சு கிடக்கு பெரியப்பா. ரினாத்னு ஒருத்தன். வாரக் கடைசியில புதுச் சரக்கு வருமாம். காலையிலேயே போயிடுங்க."

தொப்பி மதிலுக்குப் பின்னால் மறைந்தது.

அடித்த எழுத்து புதுசாகப் பளபளவென்று மின்னியது. ஊர் பூராவும் கூப்பிட்டுக் காட்டுகிற மின்னல். துரு ஏற்றினால்தான் தப்பிக்கலாம் என்று குத்ரத் சிவப்புத் தொட்டியில் காடியும் உப்பும் ஊற்றி வாய்ச்சியை ஊறப் போட்டான். காம்பைக் கறுப்பாக்கக் கெட்டித் தேயிலைச் சாற்றைத் தடவினான். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது, வாய்ச்சி மாமனாருடையதைவிட இருநூறு வருஷம் மூத்ததாக இருந்தது. தொட்டி காவி நிறமாகிவிட்டது.

"இதுல என் குழந்தையைக் குளிப்பாட்டணுமா?" என்று சனோபர் இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னதான் பண்றீங்க இந்த வாரம் பூரா? தூக்கத்துல ஏணி, ஏணின்னு பினாத்தறீங்க."

"வெள்ளையடிக்க ஏணி வேணும்ல."

"வெள்ளையடிச்சு ஒரு மாசந்தான் ஆச்சு."

குத்ரத் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நூறு தடவை யோசித்தான். பிள்ளைத்தாச்சி பதறிவிடுவாள் என்று ஒரு பயம், அப்பாவிடம் போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று இன்னொரு பயம். இரண்டாவதுதான் பெரிய பயம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் சந்தைக்கு ஓடினான். ரினாத் அப்போதுதான் சோம்சாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"வண்டிக்காரன் சரக்கு வந்துதா?"

"வந்துது, போயிடுச்சு."

"ஏணி எழுத்து போட்டது ஒண்ணு. செப்புக் கம்பி..."

"அதைத்தான் சொல்றேன். கோணியை அவுக்கறதுக்குள்ள ஒரு பெரியவர் வந்து நின்னார். அந்த வாய்ச்சியைக் கையில எடுத்தவர் அழுதுட்டார் தம்பி. இருபது வருஷமா யாவாரம் பண்றேன், வெலையைக் கேட்டுத்தான் ஆளுங்க அழுவாங்க. இவர் வெலை கேக்கறதுக்கு முன்னாடியே அழுதார்."

"யார் அவரு? எப்படி இருப்பார்?"

"வெள்ளைத் தாடி, கறுப்புத் தொப்பி."

குத்ரத் திரும்பிப் பார்த்தான். சந்தையில் பாதிப் பேருக்கு வெள்ளைத் தாடி, கறுப்புத் தொப்பி. ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே நடந்தான். ஒருவர் கையில் குக்கர், ஒருவர் கையில் கோழி. வாய்ச்சி யார் கையிலும் இல்லை. திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இன்று ராத்திரி எங்கே படுப்பது என்று பஸ்ஸில் பிறந்த வீட்டு மூலைகளை மனதுக்குள் அளந்துகொண்டு வந்தான்.

ஹம்தம் மத்தியானமே வந்து சேர்ந்துவிட்டார். பார்க்க வருகிறவர்களுக்காகத் தெருக்கதவு அகலத் திறந்து கிடந்தது. முற்றத்துத் திராட்சைப் பந்தலின்கீழ் அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். சனோபர் தேநீர் ஊற்றினாள்.

"முழங்கால் தேவலையா மாமா?"

"முழங்கால் கிடக்கட்டும். வாய்ச்சியைக் கொண்டா மாப்பிள்ளை."

குத்ரத் துணியில் சுற்றியதைக் கொண்டுவந்து நீட்டினான். ஹம்தம் பிரித்தார். கையில் வைத்து எடை பார்த்தார். கட்டைவிரலால் வாயைத் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"ஊறுகாய் வாசனை வருதே."

"சானடோரியத்துல வேற தண்ணி குடிச்சீங்கல்ல மாமா, மூக்கு அப்படித்தான்..."

ஹம்தம் எழுத்தைப் பார்த்தார். சாய்ந்து நின்ற ஏணியைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"உன்னை நம்பிச் சாவி குடுத்தேன்" என்று மெல்லிய குரலில் ஆரம்பித்தார். அவர் கத்தினால் பயமில்லை, மெல்லப் பேசினால்தான் பயம். "இது என்னு..."

"ஹம்தம், வந்துட்டியா?"

திறந்த கதவு வழியாக நோர்குல் உள்ளே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு, கக்கத்தில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். "உன் மாப்பிள்ளை வாய்க்குச் சர்க்கரை போடணும். அவன் சொல்லித்தான் சந்தைக்குப் போனேன். எது கிடைச்சுதுன்னு பாரு."

பொட்டலம் பிரிந்தது. செப்புக் கம்பி சுற்றிய காம்பு. நிமிர்ந்து நிற்கிற ஏணி எழுத்து.

அது மாமனாரின் வாய்ச்சியேதான். குத்ரத் ஹம்தமைப் பார்த்தான். அவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அடுத்த நொடி, கையிலிருந்த காடி வாய்ச்சியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நல்லது நோர்குல், நல்லது. என்னுது இதோ, எங்கிட்டயே இருக்கு. இதான் என்னுது. என் கையிலேயே வளர்ந்தது."

"அப்பா, அதுவா உங்களுது?" என்றாள் சனோபர்.

"இதேதான். நீ உள்ள போய் ரொட்டி எடுத்துட்டு வா."

குத்ரத் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றோடு அவன் கஷ்டம் தீர்ந்திருக்கும். ஆனால் மாமனார் தன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறார் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. தன் ஒருவனுக்காக அவர் உயிருக்குயிரான சாமானையே விட்டுக்கொடுக்கிறார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு ரோஷம் வந்தது.

"இல்ல மாமா, எனக்காக நீங்க இழக்க வேண்டாம்" என்று தழுதழுத்தான். "பெரியப்பா, தப்பு என்மேலதான். மாமா வாய்ச்சியை நான்தான் தெரியாம ஷாரா-பாராக்காரன்கிட்ட போட்டுட்டேன். உங்க கையில இருக்கறது எங்க கொட்டகையிலேர்ந்து போனது. மாமா மடியில இருக்கறது நான் சந்தையில வாங்கிக் காடியில ஊறவச்சது."

ஹம்தம் கட்டிலிலிருந்து காலை நீட்டி அவன் பாதத்தை அழுத்தி மிதித்தார். முழங்கால் வலி நன்றாகவே குணமாகியிருந்தது. குத்ரத் வலியைப் பொறுத்துக்கொண்டு, நோர்குல் கையிலிருந்த வாய்ச்சியைத் தொட்டுக் காட்டினான்.

"நம்பலைன்னா எழுத்தைப் பாருங்க பெரியப்பா. 'ஹ'. ஹம்தமோட 'ஹ'. முப்பது வருஷமா மாமா இதை உசிரா வச்சிருக்கார்."

நோர்குல் வாய்ச்சியைப் பார்த்தார். ஹம்தமைப் பார்த்தார். ஹம்தம் திராட்சைக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை," என்றார் நோர்குல் நிதானமாக, "நான் இதை அடிச்சப்ப நீயும் பொறக்கல, உன் புது எழுத்தும் பொறக்கல, அப்பல்லாம் இந்த ஏணிக்குப் பேரு 'ந', நோர்குலோட 'ந'; சந்தேகமா இருந்தா உன் மாமனாரையே கேளு, நான் எழுத்தை அடிக்கறப்ப வாய்ச்சி ஆடாம பிடிச்சுக்கிட்டதே அவன்தான்."