கொஞ்சம் தள்ளி வெட்டிய வாசல்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. மலையைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "நல்ல மலைதான், கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்" என்று சொல்லும் இனம். அடுத்தவர் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருந்தால் இவர்களுக்கு உள்ளங்கை அரிக்கும். நீங்கள் மாட்டிய படத்தை, நிறுத்திய வண்டியை, கவிழ்த்துவைத்த டம்ளரை, ஏன், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக்கூட உங்களோடு சேர்த்து நகர்த்திவிட்டு, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்து, "இப்பதான் சரியா இருக்கு" என்பார்கள். என்ன சரி? அது உங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். தெருவில் அவருக்குத் தள்ளியார் என்று பெயர். ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து, பிறர் எழுதிய கடிதங்களில் காற்புள்ளியை ஒரு சொல் தள்ளி வைத்தே ஓய்வு பெற்றவர்.

அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்து, இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சக்கர நாற்காலி வந்தது. ஆனால் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வர ஓர் ஒடுங்கிய நடைதான். அதில் நாற்காலி திரும்பாது. மகள் அம்மாவைத் தூக்கி வந்து கூடத்தில் உட்கார வைத்தால்தான் உண்டு. கூடத்து ஜன்னலில் உட்கார்ந்து தெருவை ஒரு வரி விடாமல் படித்த அம்மாள், இப்போது உள்ளே படுத்தபடி அதைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் மகள் ஒரு முடிவுக்கு வந்தாள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த கான்கிரீட் சுவரை வெட்டி நேரே ஒரு வாசல் வைத்துவிடலாம். இன்ஜினீயர் வந்து தட்டிப் பார்த்து, வெட்டினால் ஆபத்தில்லாத பகுதியை எல்லை கட்டிக் காட்டிவிட்டுப் போனார். அந்த எல்லைக்குள் எங்கே என்பதை அம்மாளே முடிவு செய்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறி, சுவர்வரை உருண்டு போய், சாக்பீஸால் தன் கையாலேயே இரண்டு கோடு போட்டார்.

"இங்கதான். யாரும் ஒரு விரல்கூட மாத்தக் கூடாது" என்றார். 'யாரும்' என்று பொதுவாகச் சொன்னாலும் கண் ஒருவரைத்தான் பார்த்தது.

மகள் அந்தக் கோடுகளை அளந்து கூடத்துப் பக்கமும் வரைந்தாள். வெட்டுகிற நாளன்று சத்தத்துக்கும் தூசிக்கும் பயந்து அம்மாவை இயன்முறை மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டுப் போனாள் என்றும் சொல்லலாம்.

சுவர் வெட்டும் கட்டிங்காரர் வந்தார். கோட்டை ஒட்டித் தண்டவாளம் மாதிரி ஒரு நீண்ட இரும்புச் சட்டத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தார். அதன்மேல்தான் சங்கிலி ரம்பம் ஓடும். தள்ளியார் பின்னால் வந்து நின்றார். தலை ஏற்கெனவே சாய்ந்திருந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க சார்."

"வாசல் ஓரமா ஒதுங்கி நிக்குது பாருங்க, கடன் கேக்க வந்தவன் மாதிரி. கொஞ்சம் தள்ளி நடுவுல வந்தா அம்சமா இருக்கும்."

"அம்மாதான் கோடு போட்டாங்கன்னு உங்க பொண்ணு சொன்னாங்களே?"

"அவ உள்ள இருந்து போட்டா. நான் வெளிய இருந்து பாக்கறேன் இல்ல?"

கேட்பதற்கு இது ஒரு நியாயம் போலவே இருந்தது.

"அறைக்குள்ள அந்தப் பக்கம் அலமாரி இருக்கே சார்?"

"மர அலமாரிப்பா. நகர்த்திக்கலாம்."

கட்டிங்காரருக்கு மதியம் வேறோர் இடத்தில் வேலை. இன்ஜினீயரின் எல்லையைத் தாண்டவில்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டார். "வீட்டுக்காரர் நீங்க சொல்றீங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்று சட்டத்தைத் தள்ளி வைத்து போல்ட்டை முறுக்கினார்.

அந்த ரம்பத்துக்கு ஒரு குணம். சட்டம் எங்கே போகிறதோ அங்கேயே அதுவும் போகும். சொந்த அபிப்பிராயம் கிடையாது. வைரப்பல் சங்கிலி சுழல, தண்ணீர் பீய்ச்ச, சாம்பல் நிறச் சேறு வழிய, காது கிழியும் சத்தத்தோடு சுவருக்குள் இறங்கி, நூல் பிடித்தாற்போல் மேலிருந்து கீழே வந்தது. மூலைகூடப் பிசகாமல் சதுரமாக வெட்டுப்பட்டது. தள்ளியார், ரம்பத்தைத் தாமே ஓட்டியதைப் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வெட்டிய கட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே எடுத்தார்கள்.

வாசல் திறந்தது. பாதியில் படுக்கையறை தெரிந்தது. மீதிப் பாதியில் சிமெண்ட் தெரிந்தது.

அலமாரிக்குக் கதவு மட்டும்தான் மரம். உடம்பு முழுக்க, வீடு கட்டும்போதே தரையோடு சேர்த்து வார்த்த கான்கிரீட். இத்தனை வருஷமாக அதிலிருந்து மடித்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டவருக்கு அது தெரியவில்லை. மடித்து வைத்தவர் வேறோர் ஆள் அல்லவா?

சாயங்காலம் மகள் அம்மாவைத் தூக்கிவந்து கூடத்தில் உட்கார வைத்தாள். அம்மாள் வாசலைப் பார்த்தார். அது மிக நேராக இருந்தது. ஒரு பூனை தாராளமாகப் போகலாம்.

"அப்பா!" என்றாள் மகள்.

"வெட்டு பாரேன், என்ன சுத்தம்! அந்த அலமாரிதான்..." என்று இழுத்தார் தள்ளியார்.

"அலமாரி தப்பான இடத்துல இருக்கா?" என்று கேட்டார் அம்மாள். குரல் உயரவே இல்லை. "நானும் தப்பான இடத்துலதான் இருக்கேன், மூணு மாசமா. என்னையும் கொஞ்சம் தள்ளி வைங்களேன்."

தள்ளியார் வாழ்க்கையில் முதல்முறையாக, கிடந்த பொருள் எதையும் தொடாமல் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார்.

மறுநாள் கட்டிங்காரர் மறுபடி வந்து, வெட்டிய வாசலிலிருந்து அம்மாளின் கோடுவரை மிச்சச் சுவரையும் எடுத்தார். அவ்வளவு நேரமும் அம்மாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கூடத்திலேயே இருந்தார். பக்கத்தில் கணவரை உட்காரவைத்து, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த அண்டை வீட்டார் என்ன அன்னியோன்யம் என்று உருகிப்போனார்கள். அது கைவிலங்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்போது அந்த வாசலில் யானையை ஓட்டிப் போகலாம். செய்து வைத்த கதவு பொருந்தாததால் திரைச்சீலை தொங்குகிறது. ஓரத்தில் அலமாரியின் முதுகு மொட்டையாக நிற்கிறது. வருகிறவர்களிடம் தள்ளியார், "காத்தோட்டத்துக்காக நான்தான் அகலமா வெட்டச் சொன்னேன்" என்கிறார்.

அம்மாள் முதல்முறை யார் துணையும் இல்லாமல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து ஜன்னலோரம் நாற்காலியை நிறுத்தியபோது, எதிர்வீட்டுத் தையல்காரி துணியைப் போட்டுவிட்டு எழுந்து கையை ஆட்டினாள். அம்மாளும் ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த தள்ளியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லப் பின்னால் வந்து நாற்காலியின் பிடியில் இரண்டு கைகளையும் வைத்தார்.

"இங்க வெயில் மூஞ்சில அடிக்குமே. கொஞ்சம்..."

"கையை எடுங்க."

எடுத்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம். கட்டிங்காரர் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே, மகளாவது வீட்டில் இருந்திருக்கலாமே, அந்த அம்மாளை இன்னும் கொஞ்சம் முன்னாடியே பேசவிட்டிருக்கலாமே என்று படிக்கும்போதே உங்கள் மனம் இந்தக் கதையை அங்கங்கே நகர்த்தி வைத்துப் பார்த்ததா, இல்லையா?

பதில் வேண்டாம். உங்கள் தலை சாய்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது.