எல்லையில் கிண்டிய களி

“இது என்னய்யா மாவு?”

சோதனைச் சாவடியின் சுங்க அதிகாரி ஒரு பையனின் துணிமூட்டையை அவிழ்த்து, உள்ளே விரலை விட்டு, மூக்கருகே கொண்டுபோய்ப் பலமாகத் தும்மினார்.

பையன்களைக் கூட்டி வந்த சிங்கராயர் வாத்தியார் முன்னால் ஓடிவந்தார். புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. திண்டிவனம் சாலையில் இந்தச் சாவடியைத் தாண்டினால் அந்நிய நாடு. காவேரிப்பட்டினத்துப் பையன்களுக்குச் சனி, ஞாயிறு இரண்டே நாளில் கடலையும் வெளிநாட்டையும் ஒருசேரக் காட்டுகிறேன் என்று தலைமையாசிரியரிடம் தலைகீழாக நின்று அனுமதி வாங்கியிருந்தார்.

உண்மையில் அவருக்குக் கடலும் வேண்டாம், பிரெஞ்சுக்காரனும் வேண்டாம். மகள் அற்புதமேரியைப் பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பையனைத்தான் கட்டுவேன் என்று அவள் நின்றபோது, “இனி எனக்கு மகளே கிடையாது” என்று மாதா கோயில் வாசலில் ஊர் கேட்கச் சொன்னவர் அவர். சொல்லிவிட்டு இத்தனை வருஷம் உள்ளுக்குள்ளேயே அழுதவரும் அவர்தான். இப்போது மாப்பிள்ளைக்குச் சைகோனில் உத்தியோகமாம். குடும்பத்தோடு கப்பலேறுகிறார்களாம். கோயிலில் யாரோ சொன்னார்கள்.

மகளைத் தேடிப் போனார் என்று ஊர் பேசக் கூடாது. பள்ளிக்கூடத்தோடு போன இடத்தில் பார்த்தார் என்றால் கௌரவத்துக்குக் குறைவில்லை. பெற்ற பெண்ணைப் பார்க்க ஒரு பஸ் நிறையப் பையன்களைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பிய ஒரே தகப்பன் அவராகத்தான் இருக்கும்.

“மாவு என்னன்னு கேட்டேன்.”

தானியம் எல்லை தாண்டக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததை வாத்தியார் அப்போதுதான் பார்த்தார். வாயில் வந்ததைச் சொன்னார்.

“மருந்துங்க. பையனுக்கு வயிறு சரியில்லை.”

அதிகாரி அடுத்த மூட்டையை அவிழ்த்தார். அதிலும் மாவு. அதற்கடுத்ததிலும் மாவு.

“எல்லாருக்குமா வயிறு சரியில்லை? காலராவா? யாரங்கே, சுகாதார இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு!”

“ஐயோ, இல்லைங்க! கேழ்வரகு மாவுங்க!”

“அப்படி வாங்க வழிக்கு. தானியத்தைக் கடத்தறீங்க.”

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த வெளியூர்ப் பியூன் ஆஞ்சப்பன் குறுக்கே வந்தான். “கடத்தலுங்களா? எங்க பசங்க களி இல்லாம ரெண்டு நாளு எப்பிடிங்க இருப்பாங்க? சோறு தின்னா தின்ன மாதிரியே இருக்காதுங்க. அதான் ஆத்தாமாருங்க ஆளுக்கொரு மூட்டை கட்டி அனுப்பியிருக்காங்க.”

“இங்கேயே கொட்டிட்டுப் போங்க.”

ஒரு பையன் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கினான். அதைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். சாவடி சாவு வீடாகிவிட்டது. அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தார்.

“சரி, சரி. தானியத்துக்குத்தான் தடை. சமைச்ச சாப்பாட்டுக்கு இல்லை.”

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பியது. கிண்டி முடித்தால் மத்தியானத்துக்குள் மகள் வீடு. எதிர் டீக்கடையில் நெல் அவிக்கும் அண்டா கிடைத்தது. புளியமரத்தடியில் அடுப்பு மூட்டினார்கள். ஆஞ்சப்பன் அத்தனை மாவையும் ஒரே மூச்சில் கொட்டி, அகப்பையையும் முறித்துவிட்டு, வாத்தியாரைப் பார்த்து விழித்தான்.

“உனக்குக் களி கிண்டத் தெரியாதா?”

“திங்கத் தெரியுங்க சார். கிண்டறது எம் பொண்டாட்டி.”

சிங்கராயர் சட்டையைக் கழற்றினார். தலையில் துண்டைக் கட்டினார். டீக்கடைக்காரரின் உலக்கையை வாங்கி அண்டாவுக்குள் இறக்கினார்.

அவருக்குக் களி கிண்டத் தெரியும். மனைவி போன பிறகு கைக்குழந்தையை வளர்த்தது அவர்தான். களியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மேரிக்காக, ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் ஒரு துண்டு வெல்லத்தை ஒளித்து வைப்பார். வெல்லத்தைத் தேடித் தேடியே அவள் களி தின்னப் பழகினாள். இப்போதும் கை பழக்கத்தை விடவில்லை. பையன்கள் கொண்டுவந்திருந்த வெல்லமெல்லாம் உருண்டைகளுக்குள் போய்விட்டது.

உருண்டைகள் மலையாய்க் குவிந்தன. அதிகாரி வந்து பார்த்தார்.

“இவ்வளவையும் கொண்டுபோனா அது வியாபாரம். ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க. மிச்சத்தை இங்கேயே தீர்த்துட்டுத்தான் நகரணும்.”

பையன்கள் தின்றார்கள். தின்று முடித்து அசைய முடியாமல் மரத்தடியில் சாய்ந்தார்கள். மலை பாதிகூடக் கரையவில்லை. அந்த நேரம் பார்த்துப் புதுச்சேரியிலிருந்து ஒரு பஸ் வந்து சோதனைக்காக நின்றது.

“பஸ்ஸுக்காரங்களுக்குக் குடுத்துத் தீத்துடலாங்க சார்!” என்றான் ஆஞ்சப்பன்.

பஸ்ஸுக்குள் முன்வரிசையில் கோட்டும் தொப்பியுமாகச் சிலர் தெரிந்தார்கள். சிங்கராயர் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். வெற்று உடம்பு, நெஞ்செல்லாம் கரி, கையில் உலக்கை. சம்பந்தி வீட்டார் யாராவது இதில் இருந்து, பெண்ணுடைய அப்பன் ரோட்டில் களி கிண்டுகிறான் என்று சொல்லிவிட்டால்?

“ஆஞ்சப்பா, யார் கேட்டாலும் கிண்டினது நீதான். ஊரு சேலம்னு சொல்லு. என்னைப் பத்தி மூச்சு விடாதே!”

டீக்கடைக்குப் பின்னாலிருந்த வைக்கோற்போருக்கு அந்தப் பக்கம் போய்ப் பதுங்கினார். பஸ் கிளம்பி, சத்தம் ஓய்ந்த பிறகுதான் வெளியே வந்தார். அண்டா காலியாகியிருந்தது. நல்லவேளை, மானம் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டார்.

புதுச்சேரி போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பையன்களைக் கடற்கரையில் ஆஞ்சப்பனிடம் ஒப்படைத்துவிட்டு, கரியைக் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டுத் தெருவைக் கண்டுபிடித்தார். மகள் வீட்டில் பூட்டு தொங்கியது.

“மேரியா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “இன்னிக்குத்தானே மதராஸ் போனா. விடிஞ்சா கப்பல். அவ வீட்டுக்காரரு சாமானோட முன்னாடியே போயிட்டாரு. எங்கப்பா வருவாரு, வருவாருன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தா, பாவம். நீங்க யாருங்க?”

“ஊர்க்காரன்,” என்றார் சிங்கராயர். அப்போதும் அவரால் அப்பா என்று சொல்ல முடியவில்லை.

பின்னாலேயே ஓடலாம் என்றால் சாவடியைச் சாத்திவிட்டார்கள். இனி விடிந்தால்தான் வழி.

கடற்கரை மணலில் பையன்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அவர்கள் அலைக்குப் பயந்து கத்திக்கொண்டும், கத்திக்கொண்டே இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். கௌரவம் பார்க்காமல் தனி ஆளாக நேற்றே வந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஆஞ்சப்பன் ஓர் உருண்டையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தான். அவர் கண்கள் சிவந்திருந்ததற்குக் காலையில் பட்ட புகைதான் காரணம் என்று அவன் நினைத்தான்.

“சாப்புடுங்க சார், காலைலேருந்து பட்டினி. உங்க களிக்கு என்ன மவுசு தெரியுங்களா? அந்த பஸ்ஸுல ஒரு பொண்ணு உருண்டையைப் புட்டுச்சு, உள்ள வெல்லத்தைப் பாத்ததும் அழுதுக்கிட்டே எறங்கி ஓடியாந்து, ‘இதைக் கிண்டினது யாரு, அவரு எங்கே’ன்னு எங்கையைப் புடிச்சுக்கிச்சுங்க, நீங்க சொன்னபடியே, நான்தான், ஊரு சேலம்னு அடிச்சுச் சொல்லி, திரும்ப பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டனுங்க சார்.”