ஹாமுதுரு சொன்னதும் நான் சொன்னதும்

அரைகுறைச் சிங்களம் ஆபத்து. அரைகுறை ஞானம் பேராபத்து. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒருநாள் கலவரமே வரப் பார்த்தது. அந்த ஆள் நான்தான்.

ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் பன்சலை என்கிற புத்த விகாரையில் ஹாமுதுரு நடத்திய தியான வகுப்புக்குப் போவேன். அவர் என் வயதுக்கார பிக்கு. சில வகுப்புகளிலேயே பற்றெல்லாம் கழன்றுவிட்டதாக எனக்கு நினைப்பு. (சம்பளத்தின் மேல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.)

ஒருமுறை அடைமழையில் மண் சரிந்து தண்ணீர்க் குழாய் உடைந்தது. இருந்த கொஞ்சத் தண்ணீருக்கு மேல் லயமும் கீழ் லயமும் அடித்துக்கொண்டன. கேள்விப்பட்ட ஹாமுதுரு, பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்களோடு புதுக் குழாய் போட வந்துவிட்டார். வேலை தொடங்குமுன் நாலு வார்த்தை பேச விரும்பினார். மொழிபெயர்க்க நானே முந்திக்கொண்டு போய் நின்றேன்.

அவர் சொன்னது இது: "விடுதலைக்காக உலகத்தை விட்டு ஓட வேண்டாம். அடுத்தவருக்காக மண் வெட்டுவதும் தியானம்தான். என் வீடு, என் தண்ணீர் என்கிற பிடியை விட்டால் போதும்."

வீடு, தண்ணீர், விடு. என் காதில் விழுந்தது இவ்வளவுதான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அருளினேன்:

"எல்லாரும் வீட்ட விட்டுருங்க. தண்ணியையும் விட்டுருங்க. விடுதலை கெடைக்கும்!"

"அடப்பாவி! எங்கள வெரட்டத்தான் ஆள் கூட்டிக்கிட்டு வந்தீங்களா?" என்று கீழ் லயத்து மாரியாயி அக்கா கத்தினார். மண்ணை வெட்ட வந்த எங்கள் லயத்து மண்வெட்டிகள் ஆகாயத்தைப் பார்த்து எழுந்தன.

ஹாமுதுரு என்னிடம், "என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

"சந்தோஷப்படுறாங்க" என்றேன்.

அவரும் மகிழ்ந்து, அதையே இன்னொருமுறை, இன்னும் உரக்கச் சொன்னார்.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் மனைவி செல்வி வந்தாள். நோர்வூட்டில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள்.

"நீங்க தள்ளுங்க அங்கிட்டு! அக்கா, யாரும் வீட்ட விட வேணாம். என்னோடது என்னோடதுன்னு சண்டை போடாதீங்கன்னுதான் சாமி சொல்றாரு. நமக்குக் கொழாய் போட வந்திருக்காங்க."

மண்வெட்டிகள் இறங்கின. மாரியாயி அக்கா எல்லாருக்கும் பிளேன்டீ போட ஓடினார். நான் ஒரு மரத்தடியில் தியானத்தில் மறைந்துவிடலாமா என்று பார்த்தேன். காவியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிய ஹாமுதுரு, குழாயின் ஒரு முனையை என் தோளில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதனால் மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் இரண்டு லயத்துக்கும் தண்ணீர் வந்தது.

அன்றிலிருந்து ஹாமுதுரு எனக்கு எது சொல்வதென்றாலும் செல்விக்குத்தான் போன் எடுக்கிறார். அவள் தமிழில் சொல்வாள்: "ஞாயித்துக்கெழம வகுப்பு இருக்காம். அதுக்கு முன்னாடி தேங்கா துருவிக் குடுத்துட்டு வரச் சொன்னாரு."

தேங்காயையும் அவர்தான் சொன்னாரா என்று கேட்கும் தகுதி, லயத்திலேயே எனக்கு மட்டும்தான் கிடையாது.